டாக்சிகாலஜி: நஞ்சியலா, நச்சியலா?

சிங்கப்பூர் நீதிமன்றச் செய்திகளைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் 'ஃபாரன்சிக் டாக்சிகாலஜி' அடிக்கடி குறுக்கே வரும். ரத்தம், சிறுநீர், தலைமுடி, இறந்தவரின் உறுப்புகள் ஆகியவற்றில் நஞ்சோ மருந்தோ போதைப்பொருளோ மதுவோ இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று கண்டறிந்து வழக்குக்குச் சொல்லும் துறை அது.

கிரேக்கத்தில் 'டாக்சோன்' என்றால் வில். அம்பு முனையில் தடவிய நஞ்சு 'டாக்சிகோன்'. அதிலிருந்து வந்ததுதான் டாக்சிகாலஜி.

நமக்கு நஞ்சு இருக்கிறது. இன்னொரு சொல்லோடு சேரும்போது அது நச்சு ஆகும்: நச்சுப்பாம்பு, நச்சுப்புகை. மருந்து மருத்துவமாவதும் இரும்பு இருப்புப்பாதையாவதும் இப்படித்தான். ஆகவே நச்சியல். நச்சு என்பதற்கு விருப்பம் என்ற பொருளும் உண்டே என்று கேட்கலாம். உண்டுதான், நச்சினார்க்கினியர் பெயரில் இருப்பது அந்த நச்சு. ஆனாலும் நச்சுப்புகை என்று படித்து யாரும் குழம்புவதில்லை. மதுவை நச்சியலில் சேர்ப்பதும் நமக்குப் புதிதல்ல. 'நஞ்சுண்பார் கள்ளுண் பவர்' என்று குறளே சொல்லிவிட்டது.

அப்புறம் ஃபாரன்சிக். பழைய ரோமில் வழக்குகள் நடந்த பொதுவெளிக்கு 'ஃபோரம்' என்று பெயர். அதிலிருந்து வந்ததுதான் ஃபாரன்சிக். தமிழில் நிலைத்துவிட்ட தடயவியல் நல்ல சொல்தான். நீதிமன்றம் என்ற பொருள் மட்டும் அதில் வெளியே தெரிவதில்லை. இந்தத் துறைக்கோ அதுதான் உயிர். தாத்தாவின் காப்பியில் ஆர்செனிக் என்ற நஞ்சைக் கலந்ததாகப் பேரன்மீது இங்கிலாந்தில் ஒரு வழக்கு. வேதியியலாளர் ஜேம்ஸ் மார்ஷ் சோதித்து, ஆர்செனிக் இருப்பதைக் காட்டும் மஞ்சள் படிவு எடுத்தார். ஜூரிகள் பார்ப்பதற்குள் அது கெட்டுப்போனது, பேரன் விடுதலையானான். மார்ஷ் விடவில்லை. சோதிக்கும் பொருளோடு துத்தநாகமும் அமிலமும் சேர்த்து, வெளிவரும் வாயுவைச் சூடாக்கினால் ஆர்செனிக் கண்ணாடியில் பளபளப்பான கரும்படலமாகப் படியும் என்று 1836இல் காட்டினார். அதை நீதிமன்றத்தில் எல்லாரும் கண்ணால் பார்க்கலாம்.

இங்கே சிங்கப்பூரிலும் அதே கவனம்தான். சிறுநீரின் முதற்கட்டச் சோதனையில் போதைப்பொருள் தெரிந்தால், சுகாதார அறிவியல் ஆணையத்தின் ஆய்வாளர்கள் இருவர் தனித்தனியே மறுபடி சோதிக்கவேண்டும் என்கிறது சட்டம்.

துறையைத் தடயவியல் நச்சியல் என்றும், அது தரும் முடிவை நச்சியல் அறிக்கை என்றும் எழுதுங்கள். 'விஷப் பரிசோதனை' வேண்டாம்; யாரோ விஷம் வைத்துவிட்டதாக வாசகர் நினைத்துவிடுவார். மருத்துவர் எழுதிக்கொடுத்த தூக்கமாத்திரை ரத்தத்தில் எவ்வளவு இருந்தது என்பதும் அதே அறிக்கையில்தான் வரும்.