மென்சா: மேசையா, சாப்பாடா?

'மேசை' போர்த்துக்கீசியரோடு கப்பலேறி வந்த சொல். அவர்கள் மொழியில் அது மேசா. அதற்கு மூலம் லத்தீன் மொழியின் மென்சா. மென்சா என்றால் மேசை என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடலாம். போனால் பாதிப் பொருள் விட்டுப்போகும். ரோமானியர் காதில் அந்தச் சொல் பலகையையும் குறித்தது, அதன்மேல் வந்த சாப்பாட்டையும் குறித்தது. விருந்தின் முடிவில் வரும் பழத்துக்கும் இனிப்புக்கும் அவர்கள் வைத்த பெயர் 'இரண்டாம் மென்சா'.

ரோமானியக் கவிஞர் வர்ஜிலின் ஏனீட் காவியத்தில் ஒரு காட்சி. பசி முற்றி மேசைகளைத் தின்னும் நாள் வரும் என்று திரோய் நகரத்து அகதிகளுக்கு ஒரு சாபம். இத்தாலியக் கரையில் இறங்கியவர்கள் தட்டையான கோதுமை அடைகளைப் புல்லில் பரப்பி, அதன்மேல் பழங்களை வைத்துச் சாப்பிடுகிறார்கள். பசி அடங்காமல் அடையையும் கடிக்கிறார்கள். "அடடா, மேசையையும் தின்கிறோமே!" என்கிறான் தலைவனின் மகன் யூலுஸ். அதோடு சாபம் தீர்ந்தது.

பேச்சில் இந்தச் சொல்லின் 'ன்' சீக்கிரமே உதிர்ந்துவிட்டது. 'புரோபஸ் பிற்சேர்க்கை' என்ற பழைய பிழைதிருத்தப் பட்டியலில் "மென்சா, மேசா அல்ல" என்று ஒருவர் கண்டித்து வைத்திருக்கிறார். யார் கேட்டார்கள்? ஸ்பானிய மேசா, போர்த்துக்கீசிய மேசா, ருமேனிய மாஸ மூன்றும் அந்தப் 'பிழை'யின் பிள்ளைகள். நம் மேசை அதன் பேரப்பிள்ளை. 'ன்' ஒட்டியிருந்தால், ஏட்டிலிருந்து பின்னால் எடுத்துக்கொண்ட சொல் என்று பெரும்பாலும் கண்டுகொள்ளலாம். ஜெர்மன் மாணவன் "மென்சாவுக்குப் போகிறேன்" என்றால் பல்கலைக்கழக உணவகத்துக்குக் கிளம்பிவிட்டான் என்று பொருள். இத்தாலியிலும் மென்சா உணவகம்தான். அங்கே மரமேசைக்குத் தாவோலோ என்ற வேறு சொல் இருக்கிறது. ருமேனியர் மட்டும் இரண்டையும் விடவில்லை: மாஸ என்றால் மேசை, வேளைச் சாப்பாடும் மாஸதான்.

ஸ்பானியர் உச்சி தட்டையான குன்றையும் மேசா என்றார்கள். அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள மேசா வெர்தே, 'பச்சை மேசை'. தென்வானில் ஒரு விண்மீன் குழுவுக்கும் மென்சா என்று பெயர். 18ஆம் நூற்றாண்டில் நன்னம்பிக்கை முனையிலிருந்து வானை அளந்த பிரெஞ்சு வானியலாளர் லக்காய், அங்குள்ள மேசை மலையின் நினைவாக வைத்தது.

தமிழில் 'மிசை' என்றால் மேல். 'மிசைதல்' என்றால் உண்ணுதல். "மிச்சில் மிசைவான் புலம்" என்கிறது 85ஆம் குறள். மேலிடமும் உணவும் ஒரே ஒலியில்! மேசை இதிலிருந்தே பிறந்தது என்று சாதிக்கக் கை பரபரக்கும். ஒலி ஒத்துப்போவது வேர் ஆகாது. ஆனாலும் அழகான ஒற்றுமை.

தமிழாக்கத்தில் இடம் பார்த்துத்தான் சொல்லைப் போட வேண்டும். மரச்சாமானுக்கு மேசையே போதும். வட்டமேசை மாநாடு, மேசைக்கரண்டி என்று வேர்விட்ட சொல்லைப் பிடுங்க வேண்டியதில்லை. ஜெர்மன் மென்சா மாணவர் உணவகம். விருந்தில் கூட உட்கார்ந்து உண்பவரை ஸ்பானியர் கொமென்சால் என்பார்கள்; நம் 'பந்தியில் பக்கத்து இலைக்காரர்' அதற்குக் கச்சிதம். அந்தச் சொல்லே உயிரியலில், ஓர் உயிருக்குக் கெடுதல் செய்யாமல் அதன் தயவில் பிழைக்கும் இன்னோர் உயிரைக் குறிக்கும். மாடு மேயும்போது பறக்கும் பூச்சிகளைக் கொத்தக் கூடவே நடக்கும் உண்ணிக்கொக்கு அப்படிப்பட்டது. 'உடனுண்ணி' எனலாம்.

சட்டத்திலும் ஒரு மென்சா உண்டு. மணமுறிவு இல்லாமல் தம்பதியர் பிரிந்து வாழ்வதை 'மேசையிலிருந்தும் படுக்கையிலிருந்தும்' பிரிவு என்று லத்தீனில் சொல்வார்கள். இந்தியாவின் 1869ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம் அந்தத் தொடரைப் பெயர் சொல்லியே விலக்கி, 'நீதிமுறைப் பிரிவு' என்பதை வைத்தது. அங்கே மேசைக்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.