சேவல் நாணயத்துக்கு விபூதி வேண்டாம்

சிங்கப்பூரில் 'வெள்ளி' என்றால் உலோகமும் அதுதான், டாலரும் அதுதான். பழைய நாணயங்களில் பாதிக் குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. 1967 முதல் புழங்கிய கடற்குதிரைப் பத்துக் காசும் சிங்கமீன் ஐம்பது காசும் செம்பு, நிக்கல் கலவை. வெள்ளி துளியும் கிடையாது. 1972இல் வந்த பருந்துப் பத்து வெள்ளியிலோ 90 விழுக்காடு வெள்ளி. 1981இல் சீன ராசி வரிசையைத் தொடங்கிவைத்த சேவல், அதே பத்து வெள்ளி மதிப்பில் நிக்கலிலும் வந்தது, 50 விழுக்காடு வெள்ளியிலும் வந்தது. எண்ணைப் பார்த்து உலோகத்தை முடிவுசெய்யாதீர்கள்.

உண்மையான வெள்ளி நாணயம் கறுத்ததும் கை தானாக விபூதிக்கும் பல்பொடிக்கும் போகும். வெள்ளி விளக்குக்குச் சரி, நாணயத்துக்கு ஆகாது. சேகரிப்போருக்கென்றே தனியாக அச்சிடும் புரூஃப் நாணயத்தில் பின்னணி கண்ணாடிபோலப் பளபளக்கும். விலங்கின் உடல் மட்டும் பனி படர்ந்ததுபோல வெளுத்திருக்கும். இறகும் பிடரியும் எடுப்பாகத் தெரிவது அந்த வேறுபாட்டால்தான். ஒருமுறை தேய்த்தாலே பனி மழுங்கும், கண்ணாடியில் மயிரிழைக் கீறல் விழும். பிறகு யாராலும் மீட்க முடியாது. சீராகப் படிந்த கறுப்பை அப்படியே விடுவதே மேல். வானவில் நிறம் ஏறியிருந்தால் கூடுதல் விலை தருவோரும் உண்டு.

நாணயம் பச்சையாகப் பிசுபிசுத்தால் விடக்கூடாது. மெத்தென்ற பிவிசி பிளாஸ்டிக் உறை நம் ஊர் வெக்கையில் சிதைந்து கசியும் அமிலம் உலோகத்தையே அரிக்கும். இதற்குத் தூய அசிட்டோன் வேண்டும். வாசனையும் எண்ணெயும் கலந்த நகப்பூச்சு நீக்கி உதவாது. கண்ணாடிக் கிண்ணத்தில் ஐந்து நிமிடம் ஊறவிட்டு, புது அசிட்டோனில் இன்னொரு முறை முக்கி, விளிம்பைப் பிடித்து எடுத்துத் தானாக உலரவிடுங்கள். துடைக்க வேண்டாம். சன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரியக்கூடாது. வண்ணம் அச்சிட்ட நாணயத்தை மட்டும் முக்கவே முக்காதீர்கள். அதில் கிளிப் படம் இருந்தால் அதன் பச்சை கிண்ணத்தோடு போய்விடும். பால் தெளித்ததுபோன்ற வெள்ளைப் புள்ளிகள் பெரும்பாலும் நாணயச்சாலையிலிருந்தே வருபவை, அவற்றைத் தொடாதீர்கள்.

கறுக்க வைப்பது காற்றிலுள்ள கந்தகம். ஈரம் அதை விரைவுபடுத்தும். ரப்பர் பேண்ட், கம்பளித் துணி இரண்டிலும் கந்தகம் உண்டு. விட்டத்துக்குச் சரியான கெட்டிப் பிளாஸ்டிக் காப்ஸ்யூல் வாங்குங்கள்; தளர்ந்தால் நாணயம் உள்ளே உருண்டு தேயும். காப்ஸ்யூலைக் காற்றுப் புகாத டப்பாவில், ஈரம் உறிஞ்சி நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லோடு வைத்து, ஜெல் நிறம் மாறியதும் மாற்றுங்கள். மூலப்பெட்டியும் சான்றிதழும் விற்கும்போது தேவைப்படும். ஆனால் பெட்டியின் பஞ்சே சில சமயம் கறுக்கவைக்கும், அதனால் அவற்றைத் தனியே வையுங்கள்.