ஃபர்லோ: கேட்காமல் வந்த விடுப்பு

2020 ஜூலையில் ஒரு சாயங்காலம். டெல்லி துவாரகாவில் எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்காரர் வந்து ஃபோனை நீட்டினார். அவர் விமானி, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். கம்பெனியிலிருந்து இரண்டே பத்தியில் ஒரு மின்னஞ்சல் வந்திருந்தது. எனக்கு மொழிபெயர்ப்புதான் பிழைப்பு என்பதால் என்னிடம் கொண்டுவந்திருக்கிறார்.

"சார், இதைத் தமிழ்ல எப்படிச் சொல்றது? அப்பாகிட்ட ஃபர்லோன்னு சொன்னேன். 'பர்லாங்கா?'ன்னு கேட்டார். அது இல்லப்பா, கொஞ்ச நாள் வேலைக்கு வர வேண்டாம்னு சொல்லியிருக்காங்கன்னேன். உடனே, 'சஸ்பெண்டா? என்ன தப்புடா பண்ணினே?'ங்கறார்."

பர்லாங்குக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அது உழவுச் சாலின் நீளத்தில் பிறந்த அளவு, மைலுக்கு எட்டு. ஃபர்லோ டச்சுக்காரர்களிடமிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். மூலம் 'வெர்லோஃப்', பொருள் அனுமதி. 17ஆம் நூற்றாண்டில் சிப்பாய்களோடு ஆங்கிலத்துக்குள் நுழைந்தது. படையை விட்டுக் கொஞ்ச நாள் ஊருக்குப் போய்வர மேலதிகாரி தரும் அனுமதிக்கு அந்தப் பெயர். ஜெர்மன்காரர் விடுமுறைக்குச் சொல்லும் 'உர்லாப்' இதற்குப் பங்காளி. நாம் நாள்தோறும் சொல்லும் லீவும் அதே குடும்பம்தான். ஆங்கிலத்தில் அந்த லீவுக்குப் பழைய பொருள் அனுமதி என்பதே. கம்பெனி ஆட்சிக் காலத்தில் இந்தியாவில் பல ஆண்டு வேலை பார்த்த வெள்ளை அதிகாரி கப்பலேறி ஊர் போய்வரக் கிடைத்த நீண்ட விடுப்பும் ஃபர்லோதான்.

தமிழிலும் இதற்கு நேரான பாதை ஒன்று இருக்கிறது. 'விடை கொடுங்கள்', 'விடைபெறுகிறேன்' என்கிறோமே, அந்த விடைக்குக் கேள்வி எதுவும் கிடையாது. அது புறப்படத் தரும் அனுமதி. விடுப்பு, விடுமுறை, விடுதலை எல்லாம் 'விடு' என்ற ஒரே வேரில் கிளைத்தவை. ஆகப் பிறப்பளவில் ஃபர்லோவும் விடுப்பும் ஒன்றுதான். இரண்டிலும் கீழே இருப்பவர் கேட்பார், மேலே இருப்பவர் தருவார். மூன்றாம் மாடிக்காரர் எதையும் கேட்கவில்லை.

டெல்லிக்காரர்களுக்கு இந்தச் சொல் புதிதல்ல. திஹார் சிறைச் செய்திகளில் அடிக்கடி வரும். பரோல் வேறு, ஃபர்லோ வேறு. பரோலுக்குக் காரணம் காட்ட வேண்டும்: வீட்டில் சாவு, கல்யாணம், நோய். ஃபர்லோ நன்னடத்தைக்குக் கிடைப்பது. 2018ஆம் ஆண்டு டெல்லி சிறை விதிகளின்படி, ஐந்து ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை பெற்று மூன்று ஆண்டை ஒழுங்காகக் கழித்தவர் ஆண்டுக்கு ஏழு வாரம் வரை இதைப் பெறலாம். முக்கியமான வேறுபாடு என்னவென்றால், ஃபர்லோ நாட்கள் தண்டனைக் கணக்கில் கழியும். வீட்டில் இருந்தாலும் உள்ளே இருந்ததாகவே கணக்கு. தமிழ்நாட்டில் கைதிகளுக்குக் கிடைப்பதை விதிகள் விடுப்பு என்கின்றன, பத்திரிகைகள் எல்லாவற்றையும் பரோல் என்று எழுதிவிடுகின்றன. திருநெல்வேலி அப்பாவின் காதில் இந்தச் சொல் விழாததில் வியப்பில்லை.

இன்னொரு பொருளும் இங்கே தெருவில் புழங்குகிறது. ஹரியானாப் பக்கம் 'ஃபர்லோ மார்னா' என்றால் வேலைக்கு மட்டம் போடுவது. வருகைப் பதிவேட்டில் கையெழுத்தைப் போட்டுவிட்டு வயலுக்குப் போய்விடும் வாத்தியாரைப் பற்றிச் சொல்வார்கள். எங்கள் வாசல் காவலாளி ஹரியானாவின் ரோத்தக் ஊர்க்காரர். பத்து நாளாகச் சீருடை இல்லாமல் கீழே நடந்துகொண்டிருந்த விமானியைப் பார்த்து, "கேப்டன் சாப், ஃபர்லோவா?" என்று சிரித்தார். அவர் சொன்னது மட்டம் போடுவதை. இவரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டு மாடிப்படி ஏறிவிட்டார். லிஃப்ட் ஓடிக்கொண்டுதான் இருந்தது.

விமானத் தொழிலில் ஃபர்லோ என்றால் என்ன? அமெரிக்க விமானிகளிடம் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். அங்கே எல்லாம் சீனியாரிட்டிப் பட்டியல். கடைசியில் சேர்ந்தவர் முதலில் வீட்டுக்குப் போவார். நிலைமை சீரானால் பட்டியல் வரிசைப்படி திரும்ப அழைக்க வேண்டும். வேலை உறவு அறாது, சம்பளம் மட்டும் நின்றுவிடும். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு ஆயிரக்கணக்கில் அனுப்பினார்கள். 2020இல் அரசின் சம்பள உதவி செப்டம்பர் 30ஆம் தேதி முடிந்ததும், மறுநாளே அமெரிக்கன், யுனைடெட் இரண்டு நிறுவனங்களும் விமானிகள் உள்பட முப்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு ஃபர்லோ கொடுத்தன. அந்த நாட்டில் மருத்துவக் காப்பீடு பெரும்பாலும் வேலையோடு கட்டிய மூட்டை. கோப்ரா என்று ஒரு சட்டம், 1986இல் வந்தது. வேலை நின்றாலும் பழைய காப்பீட்டைப் பொதுவாக 18 மாதம் வைத்துக்கொள்ளலாம். ஆனால் அதுவரை கம்பெனி கட்டிய பங்கையும் சேர்த்து முழுப் பிரீமியத்தையும், அதற்கு மேல் இரண்டு சதவீதம் வரையும் தானே கட்ட வேண்டும். சம்பளம் நின்ற மாதத்தில்தான் பிரீமியம் ஏறும். பெயரை எவர் வைத்தாரோ, பொருத்தமாக வைத்திருக்கிறார்.

பிரிட்டனில் அதே ஆண்டு அதே சொல்லுக்குக் கிட்டத்தட்ட எதிர்ப்பொருள். அங்கே ஃபர்லோ என்றால் வேலைக்குப் போகாமலே 80 சதவீதச் சம்பளம், மாதம் 2,500 பவுண்டு வரம்புக்குள் அரசு தருவது. ஆகவே "விமானிகளுக்கு ஃபர்லோ" என்று ஒரு தலைப்பைப் பார்த்தால், எந்த ஊர்ச் செய்தி என்று தெரியாமல் மொழிபெயர்க்கக் கூடாது. லண்டன் என்றால் சம்பளம் உண்டு, சிகாகோ என்றால் கிடையாது.

இந்தியாவில் சட்டப்படி இதற்கு வீடு வாசலே இல்லை. அப்போது நடப்பில் இருந்த 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தில் லே-ஆஃபுக்கு, அதாவது வேலை கொடுக்க முடியாமல் தற்காலிகமாக நிறுத்திவைப்பதற்கு, இலக்கணம் இருந்தது, தகுதியுள்ள தொழிற்சாலைத் தொழிலாளிக்கு அடிப்படைச் சம்பளத்திலும் பஞ்சப்படியிலும் பாதி இழப்பீடு இருந்தது. ஆட்குறைப்பு இருந்தது, கதவடைப்பு இருந்தது. ஃபர்லோ இல்லை. விமானக் கம்பெனிகள் இங்கே எழுதுவது 'லீவ் விதவுட் பே', ஊழியர் வாயில் எல்.டபிள்யூ.பி. ஏர் இந்தியா 2020 ஜூலையில் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை, ஐந்து ஆண்டு வரைகூட நீட்டிக்கக்கூடிய திட்டம் ஒன்றை அறிவித்தது. விரும்புகிறவர் கேட்கலாம், நிர்வாகமே ஆளைத் தேர்ந்து அனுப்பவும் செய்யலாம். நம் மூன்றாம் மாடிக்காரர் இருந்தது வேறொரு கம்பெனி. அங்கே அமெரிக்கச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள், வரிசைப்படி திரும்ப அழைக்கும் அமெரிக்க உரிமையை எடுத்துக்கொள்ளவில்லை.

விட்டுவிட்டு வேறு வேலைக்கும் உடனே போக முடியாது. 2017 முதல் கேப்டன் என்றால் ஓராண்டு, துணை விமானி என்றால் ஆறு மாதம் முன்னறிவிப்பு என்பது விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் விதி. சும்மா இருந்தாலும் செலவு நிற்காது. 90 நாளில் மூன்று முறை விமானத்தை மேலெழுப்பித் தரையிறக்காவிட்டால் பயணிகளை ஏற்றிப் பறக்கும் தகுதி போய்விடும், அதை மீட்கச் சிமுலேட்டர் என்ற பாவனை விமானத்தில் பயிற்சி. முதல் வகுப்பு மருத்துவச் சான்றுக்குப் பரிசோதனை. பயிற்சிக் கடனுக்கு இ.எம்.ஐ. அந்த ஆண்டு ரிசர்வ் வங்கி ஆகஸ்ட் வரை தவணையைத் தள்ளிப்போட விட்டது, வட்டியை விடவில்லை.

சரி, தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். பத்திரிகைகளில் பார்த்தது 'தற்காலிகப் பணிநீக்கம்'. எனக்கு இது அறவே பிடிக்காது. சஸ்பென்ஷனுக்கும் அதையேதான் எழுதுகிறார்கள். அப்பா கேட்ட கேள்வி அங்கிருந்து வந்ததுதான். பணிநீக்கம் என்றால் தப்பு செய்தவர் முகம் கண் முன்னால் வருகிறது. 'ஊதியமில்லா விடுப்பு' நல்ல சொல்தான். ஆனால் அரசு ஊழியர் மகளின் படிப்புக்காகவோ வெளிநாடு போகவோ தானே எழுதிக் கொடுத்து வாங்குவதும் அதுதான், யார் அனுப்பினார்கள் என்பது அதில் தெரியாது. 'கட்டாயக் காத்திருப்பு' என்று ஒன்றை ஆசையாக யோசித்தேன், பொருள் அப்படியே பொருந்துகிறது. ஆனால் சென்னைக் கோட்டையில் அதை ஏற்கெனவே பணியிடம் கிடைக்காமல் நிற்கும் ஐ.ஏ.எஸ். அதிகாரிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். அது வேறு கதை.

கடைசியில் நான் எழுதிக் கொடுத்தது 'ஊதியமில்லாக் கட்டாய விடுப்பு'. நீளம்தான். பிரிட்டன் செய்திக்கு முதல் சொல்லை எடுத்துவிடலாம். சிறைக்குச் சிறை விடுப்பு போதும். சிப்பாய்க்கு வெறும் விடுப்பு. ஒரே ஆங்கிலச் சொல் என்பதற்காக ஒரே தமிழ்ச் சொல்லைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை.

அப்பா அதைப் படித்துவிட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. "அம்மாவோட கார்டு ஓடுமா?"

அம்மாவுக்குப் பன்னிரண்டு வருடச் சர்க்கரை, மூட்டு அறுவைச் சிகிச்சைக்கு நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லாம் மகனுடைய கம்பெனிக் குழுக் காப்பீட்டில். மின்னஞ்சலின் இரண்டாம் பத்தியில் காப்பீடு நடப்பு விதிப்படி தொடரும் என்றுதான் இருந்தது. மனிதவளத் துறையைப் பிடித்துக் கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. பெற்றோருக்கான பிரீமியம் மாதச் சம்பளத்தில் பிடித்தம். சம்பளம் இல்லாததால் பிடித்தம் இல்லை, பிடித்தம் இல்லாததால் அடுத்த மாதம் முதல் அம்மா பட்டியலில் இல்லை. யாரும் நீக்கவில்லை, தானாகவே விழுந்துவிடுகிறார்.

அவரிடம் லைசென்ஸ் இழப்புக் காப்பீடு தனியாக ஒன்று இருந்தது. பெயரைப் பார்த்து அதில் ஏதாவது கிடைக்கும் என்று நினைத்திருந்தார். அது உடல்நிலை காரணமாகப் பறக்கும் தகுதி போனால் தருவது. வேலை போனால் தராது.

புதிதாகத் தனிப் பாலிசி எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்குக் காத்திருப்புக் காலம். அப்போது அதிகபட்சம் 48 மாதம், 2024 ஏப்ரல் முதல் அது 36 ஆனது. (காத்திருப்பு என்ற சொல்லை நான் தேடியபோது அது இங்கேதான் உட்கார்ந்திருந்தது.) ஆனால் குழுக் காப்பீட்டிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாற வழி உண்டு, நிபந்தனைகளோடு. மாறினால் குழுவில் இருந்த ஆண்டுகள் காத்திருப்புக் காலத்தில் கழியும். பாலிசி உயிரோடு இருக்கும்போதே விண்ணப்பிப்பதுதான் பத்திரம், விழுந்த பிறகு ஓடிப் பயனில்லை. எல்.டபிள்யூ.பி. கடிதம் கையில் வாங்கும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: யார் யார் பிரீமியம் சம்பளத்தில் பிடித்தம்?

முகவர் ஞாயிற்றுக்கிழமை விண்ணப்பத்தோடு வந்தார். முகக்கவசம் போட்டுக்கொண்டு மூன்று பேரும் படிக்கட்டில் உட்கார்ந்தோம். தொழில் என்ற கட்டத்தில் விமானி என்று எழுதினார். ஆண்டு வருமானம் என்ற கட்டத்தில் பேனா நின்றது, அப்புறம் ஒரு கோடு போட்டார். கோடு செல்லாது சார், எண் வேண்டும் என்றார் முகவர். போன ஆண்டுக் கணக்கை ஃபோனில் தேடி, அந்த எண்ணை எழுதினார்.