‘தாய்ப்பால் மட்டும்’: எச்.ஐ.வி. உள்ள அம்மாமாருக்கு அந்த ‘மட்டும்’ ஏன் பெரிய சொல்

கிளினிக்கில டொக்டர்மார் ‘எக்ஸ்குளூசிவ் பிரெஸ்ட்ஃபீடிங்’ எண்டு சொல்லுறதுக்குத் தமிழில நாலு விதமாப் போடுகினம்: பிரத்தியேகத் தாய்ப்பாலூட்டல், முழுமையான தாய்ப்பாலூட்டல், தனித் தாய்ப்பால், தாய்ப்பால் மாத்திரம். என்னைக் கேட்டா கடைசிதான் சரி, கதைக்கேக்க ‘தாய்ப்பால் மட்டும்’.

எக்ஸ்குளூசிவ் லத்தீனில இருந்து வந்தது, ‘எக்ஸ்’ எண்டால் வெளிய, அதோட சேர்ந்த வினைச்சொல்லுக்கு அடைக்கிறது, சாத்துறது எண்டு கருத்து, ஆக வேற ஆக்களை வெளிய விட்டுக் கதவைச் சாத்துறதுதான் அந்தச் சொல். பால் எவ்வளவு குடுக்கிறம் எண்டதில்லை கேள்வி, பாலைத் தவிர என்னத்தை உள்ளுக்கு விடேல்லை எண்டதுதான். ‘முழுமையான’ எண்டு போட்டா பிள்ளைக்கு வயிறு நிறையக் குடுக்கோணும் எண்டு விளங்கும், அது வேற கதை. ‘பிரத்தியேக’ எண்டால் எங்கட சனத்துக்கு டியூஷன் வகுப்புத்தான் ஞாபகம் வரும். மட்டு எண்டால் அளவு, எல்லை. மாத்திரமும் அளவுதான், வடமொழியால வந்தது, மாத்திரையும் அதே குடும்பம் (நாங்கள் குளிசை எண்டுதானே சொல்லுறது, அது வேற).

உலக சுகாதார நிறுவனம் சொல்லுற வரையறை கண்டிப்பானது. முதல் ஆறு மாதமும் தாய்ப்பாலைத் தவிர வேற ஒண்டும் இல்லை, தண்ணியும் இல்லை. பீச்சி எடுத்துக் கோப்பையால பருக்கிற பாலும் தாய்ப்பால்தான், அதில பிரச்சினை இல்லை. முந்தி நாலில இருந்து ஆறு மாதம் எண்டு இருந்ததை 2001 இல ஆறு மாதம் எண்டு ஆக்கினவை.

இந்தத் தண்ணியிலதான் எங்கட பக்கம் இடறுது. மிட்வைஃப் வீட்ட வந்து “தாய்ப்பால் மட்டும்தானே குடுக்கிறீங்கள்?” எண்டு கேட்டா “ஓம் மிஸ்” எண்டுதான் வரும். “வேற ஒண்டும் குடுக்கேல்லையோ?” “இல்லை மிஸ், வெயிலுக்கு நா வறண்டு போகுமெண்டு மாமி கொஞ்சம் கொதிச்சாறின தண்ணி மட்டும்தான்...” அவா பொய் சொல்லேல்லை, எங்கட வீடுகளில தண்ணி ஒரு சாப்பாட்டுக் கணக்கிலயே வாறதில்லை, சீனித்தண்ணி, கிரைப் வோட்டர், கோரோசனை எல்லாம் அப்பிடித்தான். ஆனா தாய்ப்பாலில பெரும்பகுதி தண்ணிதான், பங்குனி சித்திரை வெக்கைக்கும் பிள்ளைக்கு அது காணும்.

மற்ற அம்மாமாருக்கு இந்தத் தண்ணியால வயித்தோட்டம், பால் சுரக்கிறது குறையிறது எண்ட அளவில பயம். எச்.ஐ.வி.யோட வாழுற ஒரு அம்மாவுக்கு இது இன்னும் பாரதூரமானது. (எச்.ஐ.வி.யை எங்கட பாடப்புத்தகத் தமிழில மனித நிர்ப்பீடனக் குறைபாட்டு வைரசு எண்டுவினம். எயிட்ஸ் எண்டது அந்த வைரசால பிறகு வரக்கூடிய நிலை, ரெண்டையும் ஒண்டாக்கி ‘எயிட்ஸ்காரி’ எண்டு கதைக்கிறது பிழையும் கூடாததும்.) வைரஸ் தாய்ப்பாலுக்கால பிள்ளைக்குப் போகலாம் எண்டது உண்மை. அப்ப தாய்ப்பாலோட மாப்பாலும் சேர்த்துக் குடுத்தா தாய்ப்பால் குறையும், ஆபத்தும் குறையும் எண்டுதான் எவரும் நினைப்பினம். நடந்தது மறுவளம். தென்னாபிரிக்காவில டேர்பனில செய்த ஆய்வு 1999 இல வெளிவந்தது. வைரசை அடக்கிற மருந்துகள் பரவலாக் கிடைக்காத காலம் அது. மூண்டு மாதத்தில, தாய்ப்பால் மட்டும் குடிச்ச பிள்ளையளில 14.6 வீதத்துக்குத் தொற்று இருந்தது, கலந்து குடிச்சதுகளில 24.1 வீதம். (பிறக்கேக்கயே வந்த தொற்றும் இந்தக் கணக்கில சேர்ந்திருக்கு.) காரணம் எண்டு சொல்லுறது என்னெண்டால், வெளியில இருந்து போற சாமான் பச்சைப்பிள்ளையின்ர குடல் உள்தோலைப் புண்ணாக்கி வைரசுக்கு வழி விடுது, அதோட பிள்ளை ஒழுங்காக் குடிக்காமல் பால் கட்டி மார்பு வீங்கினால் பாலில வைரசும் கூடும்.

அப்ப அந்த நாளில சொன்னது ரெண்டில ஒண்டு: தாய்ப்பால் மட்டும், இல்லாட்டி சுத்தமான தண்ணியும் காசும் வசதியும் இருந்தா மாப்பால் மட்டும். ரெண்டு பக்கமும் ‘மட்டும்’தான். கலந்து குடுக்கிறதைக் கலப்பூட்டல் எண்டு எழுதலாம், வீட்டில கதைக்கேக்க ‘மாறி மாறிக் குடுக்கிறது’ எண்டால் எல்லாருக்கும் விளங்கும்.

இப்ப நிலைமை நல்லா மாறியிட்டுது, பழைய கட்டுரையளை வாசிச்சிட்டுப் பயப்பிடாதேங்கோ. ஒரு சிகிச்சையும் இல்லாட்டி தாயிட்ட இருந்து பிள்ளைக்குப் போற வாய்ப்பு 15 இல இருந்து 45 வீதம், ஒழுங்கா மருந்தெடுத்தா 5 வீதத்துக்கும் கீழ. உலக சுகாதார நிறுவனம் 2016 இல சொன்னதின்படி, மருந்து எடுக்கிற அம்மா முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் குடுத்து, பேந்து சோறு தீத்தத் தொடங்கினாப் பிறகும் குறைஞ்சது 12 மாதம் வரை, விரும்பினா 24 மாதமும் அதுக்கு மேலயும் பால் குடுக்கலாம். இடையில எப்பவாவது கலந்து போனாலும் மருந்து எடுக்கிறவா அதுக்காகத் தாய்ப்பாலை நிப்பாட்டத் தேவையில்லை எண்டும் அதில இருக்கு. ஆனா எந்த நாட்டில எந்த வழி எண்டதை அந்த நாட்டுச் சுகாதாரப் பிரிவுதான் தீர்மானிக்கிறது, அதால கிளினிக் டொக்டரோட கதைக்காமல் ஒருத்தரும் தாங்களா முடிவெடுக்கக் கூடாது. இலங்கையில கர்ப்பிணித் தாய்மாருக்கு எச்.ஐ.வி. இரத்தப் பரிசோதனை செய்யினம், தாயிட்ட இருந்து பிள்ளைக்குப் பரவுறதை இல்லாமல் செய்த நாடு எண்ட சான்றிதழும் 2019 இல கிடைச்சது.

இன்னொண்டு கனபேர் கேக்கிறது, பிறந்த பிள்ளைக்கு வைரசுக்கு எதிராக் குடுக்கிற நெவிரப்பின் பாணி மருந்தால இந்த ‘மட்டும்’ கெட்டுப் போகாதோ எண்டு. கெடாது. டொக்டர் எழுதித் தாற மருந்து, விற்றமின் துளி, வயித்தோட்டத்துக்கு ஜீவனி, இவ்வளவும் வரையறைக்குள்ளயே விலக்கு. கோரோசனையும் மருந்துதானே எண்டு அம்மம்மாமார் வாதாடுவினம், அது இந்தக் கணக்கில வராது.