வலைக்கு ஈயம் ஊத்தலாம், தராசுக்கு ஊத்தக்கூடாது: பழைய பேட்டரி, எடைக்கல் ரூல் என்ன சொல்லுது

கடலூர் முதுநகர் பக்கமும் சரி, புதுச்சேரி தேங்காய்த்திட்டு பக்கமும் சரி, வலைக்கு ஈயக்குண்டு சொந்தமா ஊத்திக்கறவங்க இன்னும் இருக்காங்க. ரெடிமேடா வாங்குனா கட்டுப்படி ஆகல, ஸ்கிராப் ஈயம் எங்க சல்லிசா கிடைக்கும்னு கேட்டா பாதி பேர் சொல்ற பதில் "பழைய பேட்டரிய உடைச்சிக்கோ". அங்கதான் சட்டம் குறுக்க வருது. சட்டத்த விடுங்க, கணக்கே ஒத்து வராது.

மொதல்ல ரூல். பேட்டரிக்கு 2001லயே ஒரு விதி இருந்துச்சு, அத எடுத்துட்டு 2022 ஆகஸ்ட்ல மத்திய அரசு பேட்டரி கழிவு மேலாண்மை விதிகள்னு புதுசா கொண்டாந்துச்சு. கார், பைக், இன்வெர்ட்டர், செல்போன்னு எல்லா பேட்டரியும் இதுல அடக்கம், படகுல லைட்டுக்கும் ஜிபிஎஸ்ஸுக்கும் வச்சிருக்கற பேட்டரியும்தான். பழச திரும்ப எடுத்து ரீசைக்கிளுக்கு அனுப்பறது தயாரிக்கற கம்பெனி பொறுப்பு. நம்ம வேலை, குப்பையோட கலக்காம தனியா வச்சு, சேகரிக்கறவங்க கிட்டயோ ரீசைக்கிள் பண்றவங்க கிட்டயோ குடுக்கறது, அவ்ளோதான். பேட்டரி மேலயே குப்பைத்தொட்டி படம் போட்டு குறுக்க அடிச்சிருக்கும் பாருங்க, அதோட அர்த்தம் இதான். உடைச்சி ஈயம் எடுக்கணும்னா மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துல பதிவு வேணும், புதுச்சேரின்னா அங்க இருக்கற மாசுக் கட்டுப்பாட்டுக் குழுமத்துல. பதிவு இல்லாம செஞ்சா சுற்றுச்சூழல் இழப்பீடு போடவும் விதியில இடம் இருக்கு.

இப்ப கணக்கு. கார், இன்வெர்ட்டர்ல இருக்கற ஈய-ஆசிட் பேட்டரி எடையில பாதிக்கு மேல ஈயம்தான், பொய் இல்ல. ஆனா அதுல உலோகமா இருக்கறது டெர்மினலும் உள்ள சல்லடை மாதிரி இருக்கற கிரிட்டும் மட்டும்தான், மீதி ஈயம் எல்லாம் வேற பொருளோட சேர்ந்து பசையா இருக்கும், அத விறகடுப்புல எவ்ளோ நேரம் காய்ச்சுனாலும் ஈயமா ஓடாது, அதுக்கு ஃபர்னஸ் வேணும். அந்த பசை காஞ்சா தூசி, தூசி துணியில ஒட்டிக்கிட்டு வீட்டுக்குள்ள வரும், தவழற புள்ள கைய வாயில வைக்கும். ஈயத்துக்கு பாதுகாப்பான அளவுன்னே ஒண்ணு கிடையாதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. இது போக ஆசிட்டு, கிரிட்ல ஆன்டிமனி, சிலதுல ஆர்சனிக் வேற.

அதனால பழைய பேட்டரிய கடைக்கே குடுத்து புதுசுல விலை கழிச்சிக்கறதுதான் லாபம். கம்பெனி இந்த மாதிரி திரும்ப வாங்கற ஸ்கீம் நடத்தலாம்னு விதியிலயே இருக்கு, ஆனா இவ்ளோ ரூபா குடுக்கணும்னு கட்டாயம் எதுவும் இல்ல, அதனால ரெண்டு மூணு கடை கேளுங்க, பழசுக்கு கழிச்ச தொகைய பில்லுல தனியா எழுதச் சொல்லுங்க. சில பேர் தூக்க சுலபமா இருக்கும்னு ஆசிட்ட கொல்லையில கொட்டிட்டு எடுத்துட்டு போறாங்க. மண்ணும் போச்சு, எடையும் போச்சு!

அந்த காசுல சுத்தமான ஈயம் வாங்கலாம். பழைய இரும்புக்கடையில ஈயப் பைப்பு, பழைய கேபிளோட ஈய உறை, எக்ஸ்ரே ரூம்ல இருந்து கழட்டுன தகடுன்னு கேட்டுப் பாருங்க. டயர் கடையில சக்கரத்துல மாட்டற சின்ன எடை, அதான் வீல் வெயிட்டு, அதுவும் உண்டு, ஆனா இப்ப வர்றதுல இரும்பும் துத்தநாகமும் நிறைய, நகத்தால அழுத்தி கீறுங்க, கோடு விழுந்தா ஈயம். ஈயம் 327 டிகிரியில உருகிடும், துத்தநாகத்துக்கு 419 வேணும், அதனால சூடு அளவா இருந்தா துத்தநாகம் மேல மிதக்கும், அள்ளி எறிஞ்சிடலாம். என்னைக் கேட்டா, கிழிஞ்ச வலையில இருந்து அறுத்து எடுத்த குண்டுக்கு மேல ஒண்ணும் கிடையாது. வெட்டவெளியில வச்சு ஊத்துங்க, சோறாக்கற பாத்திரம் வேண்டாம், அச்சுல ஒரு சொட்டு ஈரம் இருந்தாலும் ஈயம் மூஞ்சிக்கு தெறிக்கும். ஊத்தி விக்கற பட்டறையா போட்டீங்கன்னா வாரியத்து அனுமதி இல்லாம முடியாது.

இன்னொரு விஷயம். வலைக்கு ஊத்துன குண்டு எத்தன கிராம்னு யாரும் கேக்க மாட்டாங்க, அதே ஈயத்த எடைக்கல்லா ஊத்தி மீன் நிறுத்து வித்தீங்கன்னா கேஸு. சட்டமுறை எடையளவுச் சட்டம் 2009 படி எடைக்கல் செய்யவே லைசென்ஸ் வேணும், அரசு முத்திரை இல்லாத கல்லுல வியாபாரம் பண்ணக்கூடாது, எடை கச்சிதமா இருந்தாலும் சரி. இரும்புக் கல்ல கவுத்துப் பாருங்க, அடியில ஒரு ஓட்டையில ஈயம் அடைச்சிருக்கும், முத்திரை அது மேலதான் குத்தியிருப்பாங்க. கல்லுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ, எலக்ட்ரானிக் தராசுக்கு வருஷா வருஷம் மறுமுத்திரை போடணும். தமிழ்நாட்டுல இத பாக்கறது தொழிலாளர் துறை. வாங்கறவங்களும் முத்திரைய காட்டச் சொல்லி கேக்கலாம், எடையில சந்தேகம்னா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் போடுங்க.