ஓப்பனிங் புத்தகம் வாங்கும் முன் தோற்ற கேமை எடுங்கள்

டோர்னமென்ட் ஹால் வாசலில் செஸ் புத்தகக் கடை போட்டிருந்தால் போதும், மூன்றாவது ரவுண்டு முடிவதற்குள் ஒரு அப்பாவோ அம்மாவோ தடிமனான ஓப்பனிங் (ஆட்டத்தின் தொடக்க மூவுகள்) புத்தகத்தோடு என் முன்னால் வந்து நிற்பார்கள். "சார், இது வாங்கலாமா?" வெளிநாட்டுப் பதிப்பாக இருந்தால் விலை சாதாரணமாக இரண்டாயிரத்தைத் தாண்டும்.

நான் பதிலுக்குக் கேட்பது ஒன்றுதான். பையன் கடைசியாகத் தோற்ற பத்து கேமில், பத்தாவது மூவுக்குள் நிலைமை கெட்டது எத்தனை? ஸ்கோர்ஷீட்டை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றோ இரண்டோதான் தேறும். மீதியெல்லாம் குதிரையைச் சும்மா கொடுத்தது, டைம் பிரஷரில் சொதப்பியது, டிரா ஆக வேண்டிய யானை எண்ட்கேமைக் கோட்டைவிட்டது. இதற்கெல்லாம் ஓப்பனிங் புத்தகம் மருந்தில்லை.

சரி, ஓப்பனிங்தான் சிக்கல் என்றே வைத்துக்கொள்வோம். அடி வாங்கிய இடத்தைப் புத்தகத்தில் தேடிப் பாருங்கள். கரோ-கான் (வெள்ளையின் இ4-க்குக் கறுப்பு சி6 என்று பதில் தரும் ஓப்பனிங்) ஆடும் பிள்ளைகள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு (ஒவ்வொரு ஜோடியிலும் முதலில் வெள்ளை, அடுத்து கறுப்பு; எழுத்தும் எண்ணும் காய் போகும் கட்டம்): இ4 சி6, டி4 டி5, இ5 மந்திரி எஃப்5, அப்புறம் வெள்ளை எச்4 தள்ளும். பழக்கதோஷத்தில் கறுப்பு இ6 வைத்தால் ஜி4 வரும், மந்திரி இ4-க்கு ஓடினால் எஃப்3, ஜி6-க்குத் திரும்பினால் எச்5, மந்திரி காலி. இந்த இடத்தில் "வெள்ளையின் எச்4-க்குக் கறுப்பின் எச்5 சரியான பதில்" என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த இருபது மூவை வரிசையாகக் கொட்டியிருந்தால் புத்தகத்தை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள், அந்த வரிசையை ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் என்ஜின் காசு வாங்காமல் சொல்லும், மனிதர்கள் என்ன ஆடுகிறார்கள் என்பதை லிச்செஸ் என்ற செஸ் இணையதளத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். இ6 ஏன் கூடாது, எச்5 வைத்தபின் பலவீனமாகிற ஜி5 கட்டத்தை என்ன செய்வது, சி5 எப்போது தள்ளுவது என்று வாக்கியமாக விளக்கியிருந்தால்தான் காசுக்குப் பொருள்.

இன்னொன்றையும் கடைக்காரர் சொல்ல மாட்டார். கரோ-கான் புத்தகம் இ4-க்கு மட்டும்தான் பதில். எதிராளி டி4 ஆடினால் இன்னொரு புத்தகம்.

பதிப்பு ஆண்டையும் பாருங்கள். 2020-இல் ஸ்டாக்ஃபிஷுக்குள் நியூரல் நெட்வொர்க் வந்து அது இன்னும் வலுவான பிறகு, நஜ்டார்ஃப் (இ4-க்கு எதிராகக் கறுப்பு ஆடும் சிசிலியனில் ஒரு வகை) மாதிரி வெட்டுக்குத்து லைன்களில் பழைய தீர்ப்புகளை அப்படியே நம்ப முடியாது. சிப்பாய் அமைப்பையும் திட்டத்தையும் விளக்கும் புத்தகத்துக்கு அவ்வளவு சீக்கிரம் வயசாகாது. பல பதிப்பகங்கள் மாதிரிப் பக்கங்களை இணையத்தில் போட்டிருக்கின்றன, வாங்கும் முன் அதைப் படித்துவிடுங்கள்.

நானும் ஒரு காலத்தில் நஜ்டார்ஃப் புத்தகம் வாங்கி ராத்திரியெல்லாம் மனப்பாடம் செய்தவன்தான். எதிரில் உட்கார்ந்தவர்கள் மூன்றாவது மூவிலேயே மந்திரி பி5 செக் வைத்து வேறு பாதைக்குப் போனார்கள், படித்த லைன் ஒருமுறைகூட போர்டில் வரவில்லை. புத்தகம் இன்னும் கசங்காமல் இருக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.