ஒரே அறிவியல் பெயரில் ஒரு மீனும் ஒரு காளானும்

மும்பை மீன் சந்தைகளில் கோளிப் பெண்கள் சௌந்தாளா என்று சொல்லி விற்கும் வெள்ளி நிற மீனை, தாராவியிலும் ஆண்டாப் ஹில்லிலும் குடியிருக்கும் தமிழர்கள் சுதும்பு என்று கேட்டு வாங்குகிறார்கள். குதிப்பு என்று சொல்வோரும் உண்டு. இப்படி ஊருக்கு ஒரு பெயர் வழங்குவதால்தான், உலகம் முழுவதற்கும் பொதுவாக ஒவ்வோர் உயிரினத்துக்கும் லத்தீன் வடிவில் ஒரு பெயர் வேண்டும் என்று அறிவியலாளர்கள் முடிவு செய்தார்கள். அந்த முறைப்படி இந்த மீனின் பெயர் லாக்டாரியஸ் லாக்டாரியஸ். முதற்சொல் பேரினத்தின் பெயர், இரண்டாவது சிற்றினத்தின் பெயர்; நெருங்கிய உறவுடைய சிற்றினங்களின் தொகுதியே பேரினம். ஆனால் லாக்டாரியஸ் என்ற பேரினப் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு தேடினால், கிடைக்கும் பக்கங்களில் பெரும்பாலானவை மீனைப் பற்றியவையாக இரா. குடைக்கு அடியில் உள்ள மடிப்புகளைக் கீறினால் பால் கசியும் ஒரு வகைக் காட்டுக் காளானைப் பற்றியவையாகவே இருக்கும். மரவேர்களோடு கூட்டு வாழ்க்கை நடத்தும் அந்தக் காளானுக்கும், அரபிக் கடலின் கரையோர நீரில் திரியும் இந்த மீனுக்கும் எந்த உறவும் இல்லை. காளானுக்குப் பூஞ்சையியலாளர் பெர்சூன் 1797இல் இந்தப் பெயரைச் சூட்டினார். மீனுக்கு விலங்கியலாளர் வாலன்சியன் 1833இல் சூட்டினார். இரண்டு பெயர்களுமே இன்றும் செல்லும்.

இதை ஒரு தவறு என்று எண்ணிவிடக் கூடாது. உயிரினங்களுக்குப் பெயரிடும் அதிகாரம் ஒரே விதித்தொகுப்பிடம் இல்லை என்பதே இதற்குக் காரணம். விலங்குகளுக்கு ஒன்று, பாசி, பூஞ்சை, தாவரங்களுக்கு ஒன்று, பாக்டீரியா போன்ற நுண்ணுயிர்களுக்கு ஒன்று எனத் தனித்தனி விதித்தொகுப்புகள் நடைமுறையில் உள்ளன. மும்பையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்புச் சொசைட்டிகளிலும் ஏ விங் 101 என்று ஒரு வீடு இருப்பதில் சிக்கல் எதுவும் எழுவதில்லை. ஒரே சொசைட்டிக்குள் இரண்டு 101 இருந்தால்தான் கடிதம் வழி தவறும். பெயரிடல் விதிகளும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன.

இந்தப் பிரிவு வரலாற்றால் நேர்ந்தது. கார்ல் லின்னேயஸ் ஒருவரே தாவரங்களுக்கும் விலங்குகளுக்கும் பெயரிட்டவர் என்றாலும், தாவரப் பெயர்களின் தொடக்கமாக அவருடைய 1753ஆம் ஆண்டு நூலும், விலங்குப் பெயர்களின் தொடக்கமாக அவருடைய மற்றொரு நூலின் 1758ஆம் ஆண்டுப் பத்தாம் பதிப்பும் கொள்ளப்படுகின்றன. பின்னர் விலங்கியலாளர்கள் 1842இல் பிரிட்டனில் ஸ்டிரிக்லண்ட் தலைமையில் தங்கள் விதிகளை வகுத்தார்கள். சார்லஸ் டார்வினும் அந்தக் குழுவில் இருந்தார். தாவரவியலாளர்கள் 1867இல் பாரிஸில் கூடி, டி கண்டோல் எழுதிய விதிகளை ஏற்றார்கள்.

ஒரே தொகுப்புக்குள் விதி மிகக் கடுமையானது. ஆஸ்திரேலியாவின் முட்டையிடும் பாலூட்டிக்கு ஜார்ஜ் ஷா 1799இல் பிளாட்டிபஸ் என்று பேரினப் பெயர் வைத்தார். ஆனால் மரத்தைத் துளைக்கும் ஒரு வண்டினத்துக்கு 1793லேயே ஹெர்ப்ஸ்ட் அதே பெயரைச் சூட்டியிருந்தார். இரண்டும் விலங்குகள் என்பதால் முந்தியதற்கே உரிமை. அந்தப் பாலூட்டி இன்று ஆர்னித்தோரிங்கஸ் என்று வழங்குகிறது. அதன் பழைய பெயர் பேச்சு வழக்கில் மட்டும் எஞ்சியிருக்கிறது.

எல்லை தாண்டிய இரட்டைப் பெயர்களுக்கோ இந்தத் தடை கிடையாது. பிரெஞ்சுப் பறவையியலாளர் வியேயோ 1816இல் வைத்த பேரினப் பெயர்களைப் பாருங்கள். கடலுக்குள் பாய்ந்து மீன் பிடிக்கும் கேனட் பறவைக்கு மோரஸ் என்றார்; பட்டுப்புழு தின்னும் மல்பெரிச் செடிக்கு லின்னேயஸ் தந்த பெயர் அது. வறண்ட வெளிகளில் கல்லுக்குக் கல் தாவும் ஒரு சிறு பறவை இனத்துக்கு ஈனாந்தி என்றார். அது ஈரநிலங்களில் வளரும் கொத்தமல்லிக் குடும்பச் செடியின் பெயர். மலைச் சிட்டுகளைப் போன்ற இன்னொரு பறவை இனத்துக்குப் புருனெல்லா என்றார். அதே பெயரில் துளசிக் குடும்பத்து மூலிகை ஒன்று இருக்கிறது. இந்தக் கடைசி இணை எனக்கு மிகவும் வியப்பளிக்கிறது. புருனெல்லா பறவைகளும் புருனெல்லா செடியும் இமயமலையில் வாழ்பவை என்பதால், ஒரே மலைச்சரிவில் ஆய்வு செய்யும் இருவர் தங்கள் குறிப்பேடுகளில் ஒரே சொல்லை இரண்டு வெவ்வேறு உயிர்களுக்கு எழுத முடியும், இருவரும் எழுதியது சரியாகவும் இருக்கும்.

இப்படிப் பேரினப் பெயர் ஒத்துப்போகும் இணைகள் ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. சிற்றினப் பெயரும் சேர்ந்து முழுப் பெயரே ஒன்றாகிவிடுவது மிக அரிது, ஆனாலும் நடந்திருக்கிறது. மும்பை மாட்டுங்காவின் தெருவோர ஆலமரமும் அரசமரமும் சேர்ந்த பேரினம் ஃபைகஸ். அத்திப்பழ வடிவ ஓடுடைய கடல் நத்தைகளின் பேரினத்துக்கும் ஃபைகஸ் என்றே பெயர். ஃபைகஸ் வேரிகேட்டா என்று எழுதினால் அது ஓர் அத்தி மரத்தையும் குறிக்கும், ஒரு நத்தையையும் குறிக்கும். கௌசியா பிரின்செப்ஸ் என்பது மேற்குக் கியூபாவின் சுண்ணாம்புக் குன்றுகளில் வளரும் பனைக் குடும்ப மரம். ஆழ்கடலில் ஒளிரும் திரவத்தை நீரில் உமிழும் ஒரு சிறிய ஓட்டுயிரிக்கும் அதே பெயர். அந்த ஓட்டுயிரியின் ஒளிதரும் நொதி உயிரியல் ஆய்வகங்களில் பரவலாகப் பயன்படுகிறது.

மனிதர் படிக்கும்போது சூழலே பொருளைக் காட்டிவிடும். சிக்கல் கணினிக்குத்தான். பாசில்லஸ் என்ற சொல் வரும் கட்டுரைகளை ஒரு நிரல் திரட்டினால், ஆந்த்ராக்ஸ் நோயை உண்டாக்கும் பாக்டீரியாவோடு, தென் ஐரோப்பாவின் குச்சிப்பூச்சி ஒன்றும் அதில் கலந்து வரக்கூடும். அருங்காட்சியகங்களின் மாதிரிப் பட்டியல்கள் எண்ணிம வடிவம் பெற்று ஒன்றோடொன்று இணைக்கப்படும் இக்காலத்தில், ஒரு செடியின் இருப்பிடம் பறவையின் வரைபடத்தில் ஏறிவிடுவது வேடிக்கையாகத் தள்ளிவிடத்தக்கதன்று. பாதுகாப்புத் திட்டங்கள் அத்தகைய வரைபடங்களை நம்பியே தீட்டப்படுகின்றன.

இதற்குப் பழைய தீர்வு ஒன்றும் புதிய தீர்வு ஒன்றும் உண்டு. பெயரோடு அதைச் சூட்டியவரையும் ஆண்டையும் சேர்த்து எழுதுவது பழைய வழக்கம்: லாக்டாரியஸ், வாலன்சியன், 1833 என்றால் மீனைத் தவிர வேறொன்றாக இருக்க முடியாது. மரபணுத் தரவுத்தளங்களோ ஒவ்வோர் உயிரினத்துக்கும் தனி எண் கொடுத்துவிடுகின்றன. இன்னொரு சிறு துப்பும் இருக்கிறது. பேரினப் பெயரையே சிற்றினப் பெயராகத் திருப்பி வைப்பதை விலங்கியல் விதிகள் ஏற்கின்றன, தாவரவியல் விதிகள் ஏற்பதில்லை. ஆகவே லாக்டாரியஸ் லாக்டாரியஸ் என்று முழுப் பெயரைக் கண்டால் அது காளானாக இருக்கவே முடியாது.

எல்லா உயிர்களுக்கும் ஒரே விதித்தொகுப்பை உருவாக்கும் முயற்சி 1990களில் நடந்தது. வரைவு தயாராகியும் அது ஏற்கப்படவில்லை. எனக்கு அதில் வருத்தமில்லை. இரண்டு நூற்றாண்டு நூல்களிலும் மாதிரிச் சீட்டுகளிலும் பதிந்துவிட்ட பெயர்களை மாற்றினால், இப்போதுள்ளதைவிடப் பெரிய குழப்பமே விளையும். புதிய பேரினங்களுக்குப் பெயர் வைப்பவர்களின் நிலை வேறு. பிற விதித்தொகுப்புகளில் வழங்கும் பெயர்களைத் தவிர்க்குமாறு விலங்கியல் விதித்தொகுப்பு பரிந்துரை மட்டுமே செய்கிறது. இணையப் பட்டியல்களில் சில நொடிகளில் சரிபார்த்துவிட முடிகிற இன்று, அந்தப் பரிந்துரை கட்டாய விதியாக ஆக வேண்டும் என்பதே என் கருத்து.